"ஏர் வாங்குது" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

போன கோடையில் எங்கள் மோட்டாருக்குள் ஜல்லியைக் கொட்டி அரைப்பதுபோல ஒரு சத்தம். மன்னார்குடிப் பக்கம். வாய்க்காலில் தண்ணீர் வராத மாதங்களில் ஃபில்டர் பாயிண்டை, அதாவது ஆழம் குறைந்த குழாய்க் கிணற்றை நம்பித்தான் எங்கள் நாற்றங்கால். "ஏர் வாங்குது" என்றார் மெக்கானிக். வாஷர் மாற்றினோம், செக் வால்வு மாற்றினோம். சத்தம் நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தால் இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடையில் பெரிய மோட்டாராகப் போடச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். "ஏர் வாங்குது" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, வெளிக்காற்று ஓட்டை வழியாக உள்ளே போவது. மற்றொன்று, தண்ணீரே பம்புக்குள் கொதிப்பது. ஆமாம், கொதிப்பதுதான். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர், அழுத்தம் வளிமண்டலத்தில் சுமார் 4 சதவீதமாக இறங்கினால் கொதித்துவிடும். தண்ணீர் நுழையும் நடுப்பகுதியான இம்பெல்லரின் கண்ணில்தான் அழுத்தம் மிகக் குறைவு. நிலத்தடி நீர் கீழே போகப் போக அது இன்னும் குறையும். அங்கே பிறக்கும் ஆவிக் குமிழிகள், அழுத்தம் கூடும் இடத்துக்குப் போனதும் நொறுங்கி உலோகத்தை ஊசி முனைபோலக் குத்துகின்றன. அந்தச் சத்தமும் குழிகளும் அதனால்தான்.

இதில் என்னைப் பிரமிக்க வைத்தது வேறு. சுத்தமான தண்ணீர் இவ்வளவு சுலபத்தில் அறுந்து குமிழியாகிவிடாது. 1950இல் லைமன் பிரிக்ஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் மெல்லிய கண்ணாடிக் குழாயில் நீரை வைத்துச் சுழற்றிப் பார்த்தார். வளிமண்டல அழுத்தத்தைப்போல 270 மடங்குக்கு மேல் இழுத்தும் அது தாங்கியது! அப்படியானால் நம் பம்பில் மட்டும் ஏன் உடனே அறுகிறது? குமிழிக்கு விதை இருப்பதால்தான். உலைப்பானையைப் பாருங்கள். கொதி வருவதற்கு வெகுநேரம் முன்பே பானைச் சுவரில் முத்து முத்தாகக் குமிழி ஒட்டியிருக்கும். அது ஆவி இல்லை, தண்ணீரில் கரைந்திருந்த காற்று. தனியாக மிதக்கும் நுண்குமிழி தானாகவே கரைந்துவிடும். ஆனால் தூசு, வண்டல், இரும்புச் சுவர் இவற்றின் நுண்வெடிப்புகளில் ஒளிந்த காற்று கரையாமல் கிடக்கும். அழுத்தம் இறங்கியதும் ஆவிக் குமிழி அதைப் பிடித்துக்கொண்டுதான் வளர்கிறது. நம் காவிரி வண்டல் மண்ணில் அந்த விதைக்குப் பஞ்சமா என்ன?

அதே காற்று கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மெத்தைபோல நொறுங்கலின் வேகத்தைத் தணிக்கும். பெரிய அணைகளின் உபரிநீர்ப் பாதையில் இதற்காகவே காற்றை உள்ளே விடுகிறார்கள். அதைக் கேட்டு யாரும் சக்‌ஷன் பைப்பில் ஓட்டை போட்டுவிடாதீர்கள். சத்தம் குறையும், கூடவே தண்ணீரும் குறையும். காற்று அதிகமானால் பம்பு இழுக்கவே இழுக்காது.

விதையை நம்மால் ஒழிக்க முடியாது. அழுத்தம் அவ்வளவு இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம். கணக்குப்படி 34 அடிக்கு மேல் எந்தப் பம்பும் உறிஞ்சாது; நடைமுறையில் 25 அடி தாண்டினாலே சிக்கல்தான். அதே பைப்பில் பெரிய மோட்டாரைப் போட்டால் நீர் இன்னும் வேகமாக ஓடி, அழுத்தம் இன்னும் இறங்கும். கடையில் சொன்ன யோசனை நேர் எதிரானது. அதைச் சொல்லும்போது என் வயிறு எரிகிறது.

உறிஞ்சும் உயரத்தைக் குறைக்க நாங்கள் 6 அடிக்குக் குழி வெட்டி, சிமெண்ட் உறை இறக்கி, பழைய மோட்டாரையே கீழே வைத்தோம். வளைவுகளைக் குறைத்தோம். சத்தம் நின்றது. இந்தக் கோடையில் கழற்றிப் பார்த்தபோது இம்பெல்லரில் புதிதாக ஒரு குழிகூட இல்லை.

மோட்டார் விற்கும் கடைக்காரர்களே, குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன்னால் சித்திரையில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று கேளுங்கள்.