பந்தை நழுவவிட்ட பிள்ளைக்கு அடுத்த பந்து யார் கொடுப்பது?

நேற்று காலை மகனுடைய பள்ளி ரக்பி ஆட்டம். உயர்நிலை மூன்றில் படிக்கிறான், அணியில் பத்தாம் எண். பந்தை யாரிடம் தள்ளுவது, எப்போது உதைப்பது என்று முடிவெடுக்கிற இடம் அது. இரண்டாம் பாதியில் எதிரணி உயரமாக உதைத்த பந்து நேராக இவன் கைக்கு வந்து நழுவிவிட்டது. அதை வைத்தே அவர்கள் ட்ரை போட்டார்கள், அதாவது எங்கள் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி எடுத்தார்கள். கோட்டோரம் நின்ற பெற்றோர் சிலர் சத்தம் போட்டார்கள். பயிற்றுவிப்பாளர் அந்த நிமிடமே இவனை வெளியே அழைத்தார். மீதி ஆட்டம் முழுக்க பெஞ்சில்தான். எம்ஆர்டி ரயிலில் வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பந்து நழுவியதில் எனக்கு வருத்தமே இல்லை. உட்கார வைத்தார்களே, அதில்தான்.

எனக்கு ரக்பி அறிமுகமானது பள்ளியில் அல்ல, இங்கே சிங்கப்பூரில் துவாஸில் வேலை பார்த்தபோது. எங்கள் மேலாளர் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்காரர். அவர் உயிரை விடுவது ரக்பி லீக்குக்கு. இங்கே நம் பிள்ளைகள் ஆடுவது 15 பேர் ஆடும் யூனியன். லீக்கில் 13 பேர். ஆறு முறை மடக்கிவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டு அணியை நகர்த்த ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அவர்தான் ஏழாம் எண், ஹாஃப்பேக்.

2015 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் இறுதி ஆட்டம் பார்க்க மேலாளர் வீட்டுக்கு அழைத்திருந்தார். அவர் ஊர் அணியான நார்த் குவீன்ஸ்லாந்து கவ்பாய்ஸ் 1995இல் களமிறங்கியதிலிருந்து ஒரு முறைகூடப் பட்டம் வென்றதில்லை. எதிரே பிரிஸ்பேன் பிராங்கோஸ். நேரம் முடியும்போது கவ்பாய்ஸ் மூலையில் ஒரு ட்ரை போட்டு 16-16 என்று சமன் செய்தது. ட்ரைக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்துக் கூடுதல் புள்ளி எடுக்க ஒரு வாய்ப்பு உண்டு. அதை ஏழாம் எண் ஜொனதன் தர்ஸ்டன் கோட்டோரத்திலிருந்து உதைக்க வேண்டும். உள்ளே போனால் கோப்பை. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மேலாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் கூடுதல் நேரம், முதலில் புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. தொடக்க உதையைப் பிடிக்க வந்தவர் பிராங்கோஸின் ஏழாம் எண் பென் ஹன்ட். பந்து கையில் பட்டு நழுவியது. சற்று நேரத்தில் தர்ஸ்டன் பந்தைக் கேட்டு வாங்கி ஃபீல்டு கோல் உதைத்தார், ஆட்டத்தின் நடுவிலேயே கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் ஒரு புள்ளி அது. 17-16. கம்பத்தில் அடித்த அதே கால்.

அந்த உதையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்தின கணம். அரங்கில் 82,000-க்கும் மேற்பட்டவர்கள். தவறவிட்டுச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. அப்போதும் பந்தை என்னிடம் கொடு என்று கேட்க ஒரு மனம் வேண்டும். அவர் கேட்டதும் அணியும் தயங்காமல் கொடுத்தது.

அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததில்லை. 2004இல் புல்டாக்ஸ் அணியில் அவர் 21 வயதுப் பையன். காயத்தால் அணித்தலைவர் ஸ்டீவ் பிரைஸ் இறுதி ஆட்டத்தில் ஆட முடியவில்லை, தர்ஸ்டனுக்கு இடம் கிடைத்தது. வென்றதற்குக் கிடைத்த மோதிரத்தை அவர் பிரைஸிடமே கொடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் தன் தலைக்கவசத்தைக் கழற்றி கூட்டத்தில் நிற்கும் ஒரு குழந்தைக்குக் கொடுப்பது அவர் வழக்கமாக இருந்தது. இப்படி ஒருவர் பந்தைக் கேட்டால் யார் மறுப்பார்கள்?

ஆனால் நேற்று இரவு மகனுக்கு நான் சொன்னது தர்ஸ்டன் கதையை அல்ல, ஹன்டின் கதையை. அந்த ஒரு நழுவலைச் சொல்லிச் சொல்லி அவரை வருடக்கணக்கில் குத்தினார்கள். அவர் ஓடி ஒளியவில்லை. 2018இல் செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா அணிக்குப் போய், பிறகு அதன் தலைவரும் ஆனார். 2022இல் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்கள் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் குவீன்ஸ்லாந்துக்காக ஆடி, முடியும் தறுவாயில் எதிரணி உதைத்த பந்தைப் பறித்து மைதானத்தின் நீளத்துக்கு ஓடி ட்ரை போட்டார். குவீன்ஸ்லாந்து 22-12. 2025இல் பிராங்கோஸுக்கே திரும்பி வந்து, இறுதி ஆட்டத்தில் மெல்பர்னை 26-22 என்று வென்ற அணியில் இருந்தார். அந்த நழுவலுக்குப் பிறகு பத்து வருடம்.

என் தேசிய சேவைக் காலத்தில் எங்கள் பிரிவுத் தலைவர் ஒரு இரவு நடையில் வரைபடத்தைத் தவறாகப் படித்து எங்களை ஒரு மணி நேரம் வீணாக நடக்க வைத்தார். “என் தப்புடா” என்றார். அதிகாரி வரைபடத்தைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுக்கவில்லை, அவரையே மறுபடி பார்க்கச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் யாரும் தவறை மறைத்ததில்லை.

ஒரு நழுவலுக்கு ஆட்டத்தை நடத்துகிறவனை வெளியே எடுத்தால், களத்தில் நிற்கிற மற்ற 14 பேரும் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த உயரப் பந்து வரும்போது “நான் பிடிக்கிறேன்” என்று கத்த மாட்டார்கள். வேறு யாராவது பிடிக்கட்டும் என்று அரை அடி தள்ளி நிற்பார்கள். நேற்று கடைசிப் பத்து நிமிடம் இதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு பந்து யாரும் தொடாமலே தரையில் விழுந்தது.

போட்டி என்றால் ஜெயிக்கத்தானே என்று கேட்பீர்கள். சரி, ஜெயிக்கட்டும். ஆனால் 15 வயதில் ஒரு பிள்ளை இந்த இடத்தில் ஆடுவதே தவறு செய்த பிறகு என்ன செய்வது என்று பழகத்தான். பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பழக முடியாது.

பயிற்றுவிப்பாளர் கெட்டவர் இல்லை. மழை வெயில் பார்க்காமல் பிள்ளைகளோடு நிற்கிறவர். புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் அவரிடம் பேசப் போகிறேன். இவனைத் தலைவராக்குங்கள் என்றோ, ஆட்டம் முழுக்க வைத்திருங்கள் என்றோ கேட்க மாட்டேன். அடுத்த முறை எந்தப் பிள்ளை நழுவவிட்டாலும் இன்னும் ஐந்து நிமிடம் களத்தில் விட்டுவையுங்கள், அவ்வளவுதான்.