வாடை கறியில் இல்லை
வாத்துக்கறி கவிச்சி அடிக்கும், அதனால்தான் காவிரி டெல்டாவில் பலரும் ஒதுக்குகிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். வாடை கறியில் இல்லை, பெரும்பாலும் சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. வால் அடியில் மேல்பக்கமாக மொச்சைக்கொட்டை போல ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கும். வாத்து அதை அலகால் தொட்டுத் தொட்டுத்தான் இறகில் தடவிக்கொள்ளும். அதை அரிந்து எறியாவிட்டால் சட்டி முழுக்க நாறிவிடும். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் அப்பாயி (அப்பாவின் அம்மா) முதலில் கத்தி வைப்பதே அங்கேதான். அப்புறம் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் முக்கி இறகைப் பிடுங்கி, மிச்சமிருக்கும் குருத்து இறகை வைக்கோல் தீயில் வாட்டி, மஞ்சள் தடவிக் கழுவுவார். மிளகும் சின்ன வெங்காயமும் தாராளமாகப் போடுவார். எண்ணெய் கொஞ்சம் போதும், தோலடிக் கொழுப்பே உருகி மிதக்கும். தீனியும் முக்கியம். சம்பா அறுத்த வயலில் சிந்திய நெல்லும் நத்தையும் தின்ற வாத்தின் ருசியே தனி. மீன்கழிவு போட்டு வளர்த்த ஒன்றை ஒருமுறை சந்தையில் வாங்கிவந்தோம், எவ்வளவு கழுவியும் வாய்க்கு வைக்க முடியவில்லை. வாத்து வளர்க்கக் குளம் வேண்டுமா என்று அந்தக் கட்டுரையைப் படித்த ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் ஐயா, தலையை முழுக்க முக்கிக் கண்ணைக் கழுவிக்கொள்ளும் ஆழத்தில் ஒரு தொட்டி போதும்; தண்ணீரை மட்டும் தினமும் மாற்றிவிடுங்கள்.