அணி இல்லாவிட்டால் விளையாட்டு இல்லையா?

மற்றப் பல்கலைக்கழகங்களோடு மோத அணியே வைக்காமல், வளாகத்துக்குள் மட்டும் போட்டி நடத்தினால் விளையாட்டு வளராது என்கிறார் ஒரு கட்டுரையாளர். எனக்கு அப்படிப் படவில்லை.

அட்லாண்டாவிலுள்ள ஸ்பெல்மன் பெண்கள் கல்லூரி, வெளிப்போட்டி அணிகளை விட்டுவிடப்போவதாக 2012இல் தானாகவே அறிவித்தது. ஏறத்தாழ 2,100 மாணவிகளில் அணிகளில் இருந்தவர்கள் 80 பேரளவுதான். அவர்களுக்குச் செலவான காசை எல்லா மாணவிகளுக்குமான உடற்பயிற்சித் திட்டத்துக்குத் திருப்பினார்கள்.

இங்கே யாழ்ப்பாணத்தில், மத்திய கல்லூரியும் சென்ற் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெரும்போர்’ கிரிக்கெட் போட்டிக்கு மத்திய கல்லூரி மைதானம் நிரம்பி வழியும். ஆடுவது இருபத்திரண்டு பேர். (கத்துகிற கூட்டத்தில் நானும் ஒருவன், அது வேறு கதை.) பின்னேரம் வெறுங்காணிக்குள் வலை கட்டி ஓவர்கேம் என்கிற உள்ளூர்க் கரப்பந்தாட்டம் ஆடுகிற பெடியளைப் பாருங்கள். மேசன் வேலை முடித்து வந்தவரும் ஏ.எல். படிக்கிறவரும் ஒரே பக்கம் நிற்பார்கள். ஆள் குறைந்தால் சைக்கிளில் போகிறவரையும் மறித்து இறக்குவார்கள். தெரிவாவது, மண்ணாங்கட்டியாவது!

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்துக்கு அணிகள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான விளையாட்டு விழாவுக்கு நம்மவர்கள் போகத்தான் வேண்டும். ஆனால் பீடங்களுக்கிடையிலான போட்டியில் பல்கலைக்கழக அணியில் ஆடுகிறவர்கள் ஒரு பக்கத்துக்கு இத்தனை பேருக்கு மேல் இறங்கக் கூடாது என்று விதி வைக்கலாமே. அமெரிக்க வளாகங்களில் இது சர்வசாதாரணம். அப்புறம், வலைப்பந்துத் திடலுக்கு நல்ல லைட் போடுங்கள். விரிவுரை முடிந்து பெண்பிள்ளைகள் வரும்போது இருட்டிவிடுகிறது.