கசிவு வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

என் பெறாமகனுக்கு ஹீமோபிலியா ஏ. இரத்தம் உறைய வைக்கும் ‘ஃபக்டர் 8’ என்ற புரதம் உடம்பில் போதாமல் இருக்கிற நோய் இது. சின்னக் காயம் பட்டாலே இரத்தம் கொட்டி ஆள் போய்விடும் என்றுதான் பலர் இன்னும் நினைக்கிறார்கள். இந்த நோயின் பெரிய கொடுமை வெளியே தெரிவதில்லை. முழங்காலுக்குள், கணுக்காலுக்குள் இரத்தம் கசிகிறது. ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் குருத்தெலும்பு அரித்து, இளம் வயதிலேயே கால் மடங்காமல் போய்விடும்.

அந்தக் குறையை நிரப்பும் ஃபக்டர் ஊசி அரச ஆஸ்பத்திரியில் இலவசம். அது இல்லாவிட்டால் நகை நட்டெல்லாம் விற்றாலும் எங்களுக்குக் காணாது. ஆனால் கசிந்த பிறகு ஓடிப்போய் ஊசி போடுவதோடு வைத்தியம் முடிந்துவிடக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம். இரண்டு மணித்தியாலத்துக்குள் மருந்து ஏறினால் நல்லது என்கிறார்கள். கொழும்பின் காலி வீதி நெரிசலில் வெள்ளவத்தைக்காரர் எங்களுக்கே அது பாடு. மலையகத்தில் மஸ்கெலியாத் தோட்டத்தில் இருக்கிற தாய் என்ன செய்வாள்? ஒருமுறை பிள்ளை தலையில் அடிபட்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஸ்கேன் வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். தலையில் அடி என்றால் முதலில் ஃபக்டர், பிறகுதான் ஸ்கேன். அக்கா அழுதழுது சொல்லியும் எடுபடவில்லை.

கசிவு வருமுன்னே ஒழுங்காக மருந்து கொடுப்பதைத்தான் உலக ஹீமோபிலியா சம்மேளனத்தின் 2020 வழிகாட்டி வலியுறுத்துகிறது. பணக்கார நாடுகளின் அளவுக்கு நம்மால் முடியாது, சரி. ஆனால் இந்தியா, சீனா, தாய்லாந்தில் கிலோவுக்கு 10 அலகு போல, வாரம் இரண்டு மூன்று தடவை கொடுத்தே கசிவுகளைக் குறைத்திருக்கிறார்கள். 20 கிலோ பிள்ளைக்கு அது ஒரு தடவைக்கு 200 அலகு. 250 அலகுக் குப்பி ஒன்று போதும். தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் என்ற மருந்து கிடைத்தால் கசிவைத் தடுக்க ஒவ்வொரு முறையும் நரம்பு தேடிக் குத்தத் தேவையில்லை, மாதம் ஒருமுறைகூடப் போடலாம்.

வீட்டில் கொடுத்தால் மருந்து பழுதாகிவிடும் என்பார்கள். நீரிழிவுக்காரர் இன்சுலினை வீட்டு ஃபிரிட்ஜில்தானே வைக்கிறார்கள்? நரம்பில் ஊசி போடத் தாய்மாருக்குப் பழக்கலாம். எத்தனையோ நாடுகளில் பழக்குகிறார்கள்.

இந்த நோயுள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த கிளினிக்கில் இந்தக் குறைந்த அளவு முறை பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ஒருவர் கேட்டால் ‘பார்ப்போம்’ என்பார்கள். எல்லோரும் கேட்டால் மருந்துக் கணக்குப் போடும்போதாவது நம் பிள்ளைகளின் ஞாபகம் வரும்.