அம்பாசிடரின் தரையை வெட்டுவதற்கு முன்னால்

போன வாரம் பழைய வண்டிகளை வேலை பார்க்கும் ஒரு பட்டறையில் மார்க் 2 அம்பாசிடர் ஒன்று நின்றிருந்தது. முன் சீட்டைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். நடுவில் புடைத்திருக்கும் தரைத் தகரத்தில் சாக்பீஸால் ஒரு சதுரம். மறுநாள் அந்த இடத்தை வெட்டி ஃப்ளோர் கியர், அதாவது தரையிலிருந்து எழும் கியர் கம்பி, வைக்கப் போகிறார்களாம். வண்டிக்காரர் இளைஞர், வண்டி மேல் உண்மையிலேயே ஆசை உள்ளவர். "ஹேண்ட் கியர் சரியா விழல சார், அதான்" என்றார். ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்கும் கியர் பிடியைத்தான் ஹேண்ட் கியர் என்கிறோம். அவரோடு ஒரு மணி நேரம் பேசினேன். இதே யோசனையில் இன்னும் பலர் இருப்பதால் அதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஹேண்ட் கியர் விழவில்லை என்றால் பெரும்பாலும் கியர்பாக்ஸ் மேல் தப்பே இருக்காது. ஸ்டீயரிங் தண்டை ஒட்டிக் கீழே இறங்கும் குழாய், அதன் அடியில் இருக்கும் சிறு கைகள், அங்கிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் இணைப்புகள், இவ்வளவுதான் அந்த அமைப்பு. பிடியை நம் பக்கம் இழுப்பதும் தள்ளுவதும் எந்த ஜோடி கியர் என்று தேர்ந்தெடுக்க. மேலும் கீழும் அசைப்பது அந்தக் கியரைப் போட. இந்த இரண்டு அசைவும் ஒவ்வொரு மூட்டாகக் கடந்து போக வேண்டும். ஐம்பது வருடத்தில் ஒவ்வொரு மூட்டிலும் உள்ளே இருக்கும் புஷ் என்ற சிறு வளையம் கொஞ்சம் தேய்ந்திருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் நூல் அளவு ஆட்டம்தான். எல்லாம் சேர்ந்து பிடிக்கு வரும்போது கை கஞ்சி கிண்டுவது போலச் சுற்றும். ஒரு நாள் இரண்டு கியருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, சிக்னலில் பானட்டைத் திறந்து கையை விட்டு எடுத்துவிட வேண்டியிருக்கும். அந்த அனுபவம் எனக்கும் உண்டு, பின்னால் நின்ற பஸ்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

என்னுடையது 1972 வண்டி, அப்பா வாங்கியது. என்னிடமும் ஃப்ளோர் கியருக்கு மாற்றிவிடலாம் என்றுதான் சொன்னார்கள். வயதான ஒரு மெக்கானிக் அண்ணன் மட்டும் "அவசரப்படாத தம்பி, முதல்ல கழட்டிப் பாப்போம்" என்றார். கழற்றினோம். கிடைத்த புஷ்களைப் புதிதாகப் போட்டோம். கிடைக்காத இரண்டை லேத்தில் பித்தளையில் கடைந்து வாங்கினோம். இணைப்புகளின் அளவைச் சரிசெய்து, கிரீஸ் வைத்து, கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்றும் பார்த்தோம். இரண்டு நாள் வேலை. அதன் பிறகு என் அம்மாவே ஓட்டிப் பார்த்துவிட்டு "அப்பா ஓட்டுன மாதிரியே இருக்கு" என்றார்.

இனி ஃப்ளோர் கியர் பக்கம். அம்பாசிடரிலேயே அது வந்திருக்கிறதே என்பார்கள். வந்தது உண்மை. 90களின் தொடக்கத்தில் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தபோது ஐந்து கியர் பாக்ஸும் ஃப்ளோர் கியரும் சேர்ந்தே வந்தன. அது அந்த எஞ்சினுக்கான ஏற்பாடு. பழைய 1489 சிசி எஞ்சினோடு அதைச் சேர்க்க இடையில் தட்டு கடைய வேண்டும், மவுன்டிங் மாற்ற வேண்டும், கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும். பாதியில் நிற்கும் இப்படிப்பட்ட வண்டிகளை எத்தனை பட்டறை மூலைகளில் பார்த்திருக்கிறேன்! எஞ்சினையும் சேர்த்தே மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பர் பொருந்தாது. அதற்கு ஆர்டிஓ அனுமதி தனியாக வாங்க வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள், 10 வருடத்துக்குச் செல்லும் பதிவு. ஆனால் வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும். சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. மார்க் 2 வண்டிகள் எல்லாம் இப்போது இந்த வயதைத் தொட்டுவிட்டன. இந்த நேரத்தில் தரைத் தகரத்தை வெட்டுவது, கைக்கு வந்த உரிமையை நாமே கேள்விக்குறியாக்கிக் கொள்வது.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியம் அந்த முன் பெஞ்ச் சீட். கியர் ஸ்டீயரிங்குக்குப் போனதே முன்னால் மூன்று பேர் உட்காரத்தான். 1938இல் அமெரிக்காவில் போன்டியாக்கும் கேடில்லாக்கும் தொடங்கி வைத்த வழக்கம் அது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, அப்பாவின் இடது கை மூன்றாவதிலிருந்து நாலாவதுக்குப் போவதை மூக்குக்கு நேரே பார்த்து வளர்ந்தவன் நான். தரையில் கம்பி முளைத்தால் அந்த இடத்தில் குழந்தை உட்கார முடியாது.

தோள் வலியால் கையைத் தூக்க முடியாதவர் மாற்றினால் நான் வாயே திறக்க மாட்டேன். ஏற்கெனவே யாரோ வெட்டி வைத்த வண்டியை வாங்கியவர் மேலும் குறை இல்லை. ஃப்ளோர் கியர்தான் பிடிக்கும் என்பவருக்கு நம் சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கிறது, பிறவியிலேயே ஃப்ளோர் கியர். அருமையான வண்டி.

அந்த இளைஞர் வெட்டும் வேலையைத் தள்ளிவைத்திருக்கிறார். என்னிடம் கூடுதலாக இருந்த புஷ்களைக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய்க் கழற்றிப் பார்க்கப் போகிறோம்.