1994-க்கு முன்பே பாப் பங்க் இருந்தது
பங்க் ராக்கின் வேகத்தோடு பாப் பாட்டின் இனிய மெட்டைச் சேர்த்த இசைதான் பாப் பங்க். அது 1994-இல் அமெரிக்க ராக் குழுவான கிரீன் டேயின் 'டூக்கி' ஆல்பத்தோடுதான் பிறந்தது என்று இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கலிஃபோர்னியாவின் டிசென்டென்ட்ஸ் குழு 1982-லேயே 'மைலோ கோஸ் டு காலேஜ்' (மைலோ கல்லூரிக்குப் போகிறான்) ஆல்பத்தைக் கொண்டுவந்துவிட்டது. 15 பாட்டு, மொத்தமே 22 நிமிடம் சொச்சம். வெளியிட்டது நியூ அலையன்ஸ் என்ற சின்ன நிறுவனம். பாடகர் மைலோ ஆக்கர்மன் உயிரியல் படிக்கக் கிளம்பியதுதான் அந்தத் தலைப்பு. முதல் பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள்: டோனி லொம்பார்டோவின் பேஸ் கிடார்தான் முதலில் மெட்டைப் பிடிக்கிறது, டிரம்ஸ் எவ்வளவு பாய்ந்தாலும் அது குலைவதே இல்லை, எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கும். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், இந்த ஆல்பம் 'வெறும் ஹார்ட்கோர்' என்கிறார், அதாவது பங்க்கின் இன்னும் வேகமான, முரட்டுத்தனமான வகை. வேகத்தை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். ஆனால் மைலோ சேர்வதற்கு முன்பே, 1979-இல் வந்த அவர்களுடைய முதல் சிங்கிளை (ஆல்பமாக இல்லாமல் தனியாக வந்த பாட்டுத் தட்டை) கேட்டால் தெரியும், ஹார்ட்கோர் வேகத்துக்கு முன்பே அவர்களிடம் மெட்டு இருந்தது.