நிரூபிக்க வேண்டியவர் யார்?

மேலிடம் மிரட்டியது, நேர்மையானவர் பணியவில்லை என்ற வடிவில்தான் தொழில் அறம் பற்றிய கதைகளை நாம் சொல்லிக்கொள்கிறோம். மிரட்டலே இல்லாமல், ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டே ஒரு நிறுவனம் தன் பொறியாளர்களைப் பணியவைத்துவிட முடியும் என்பதற்கு, 1986இல் வானில் சிதறிய அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்படுவதற்கு முந்தைய இரவை விட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

விண்ணோடத்தை மேலே உந்தும் திட எரிபொருள் ராக்கெட்டுகளான பூஸ்டர்களைச் செய்து கொடுத்தது மார்ட்டன் தயோக்கால் நிறுவனம். பூஸ்டர் பகுதிகளின் மூட்டுகளில் வெப்ப வாயு கசியாமல் அடைப்பவை ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள். குளிரில் அவை இறுகிப்போய் உரிய நேரத்தில் அடைக்காமல் போகலாம் என்று ரோஜர் போஜோலே உள்ளிட்ட பொறியாளர்கள் அஞ்சினர். 1985 ஜனவரியில், வளையங்கள் ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸில் இருந்தபோது ஏவப்பட்ட விண்ணோடத்தின் மூட்டில், வளையத்தைத் தாண்டிப் படிந்திருந்த கரியை அவர் நேரில் பார்த்திருந்தார். அதனால் 1986 ஜனவரி 27 இரவு நாசாவுடன் நடந்த தொலைபேசிக் கலந்தாய்வில், 12 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றே நிறுவனம் முதலில் பரிந்துரைத்தது.

அப்படியென்றால் எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், ஏப்ரலிலா என்று நாசாவின் லாரன்ஸ் மல்லாய் எரிச்சலுடன் கேட்டார். பாதுகாப்பானது என்று காட்டினால்தான் ஏவலாம் என்றிருந்த வழக்கம், ஆபத்தானது என்று காட்டினால்தான் நிறுத்தலாம் என்று அந்த ஒரே இரவில் தலைகீழானது. அவ்வளவு குளிரில் எவரும் ஏவிப் பார்த்ததே இல்லை எனும்போது, அதைக் காட்டுவதற்கான தரவுக்கு எங்கே போவது?

தனியே பேச 5 நிமிடம் கேட்ட தயோக்கால் தரப்பு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. பொறியியல் துணைத்தலைவர் ராபர்ட் லண்டிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டிக்கொள்ளுமாறு மேலதிகாரி ஜெரால்ட் மேசன் சொன்னார். லண்டும் மாறினார். பொறியாளர்களை விட்டுவிட்டு நான்கு நிர்வாகிகளே ஏவலாம் என்று முடிவெடுத்தனர். லண்டைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை செய்யாது என்று நிரூபிக்கும் வழியைத் தேடும் மனநிலைக்குத் தாங்கள் போய்விட்டதாக விபத்தை விசாரித்த குழுவிடம் அவரே பின்னர் சொன்னார். கேள்வி திரும்பியதைக் கவனித்துச் சொல்ல வேண்டிய நாற்காலியில் இருந்தவர் அவர்; அங்கேதான் அவர் தவறினார், துணிச்சலில் அல்ல.

ஃப்ளோரிடா ஏவுதளத்தில் இருந்த தயோக்கால் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் ஒப்புதலில் கையெழுத்திட மறுத்தார். அதனால் எதுவும் நின்றுவிடவில்லை. யூட்டாவில் இருந்த நிறுவன அலுவலகத்திலிருந்து நிர்வாகி ஜோ கில்மின்ஸ்டர் கையெழுத்திட்டு ஃபேக்ஸில் அனுப்பினார். மறுநாள் 73 விநாடிகளில் விண்ணோடம் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தனர். மறுப்பவரைச் சுற்றிக்கொண்டு அடுத்த கையெழுத்துக்குப் போக வழி இருக்கும் வரை, தனிமனித நேர்மையைப் போற்றி நிறுவனங்கள் நடத்தும் பயிலரங்குகளில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை.

நடந்ததை விசாரணைக் குழுவிடம் சொன்ன மெக்டொனால்டை நிறுவனம் பதவியிறக்கியது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்டு, அரசு ஒப்பந்தங்களுக்கே ஆபத்து வரும் என்ற நிலை ஏற்பட்ட பிறகுதான் அவருக்குப் பொறுப்பு திரும்பக் கிடைத்தது. அதே மூட்டை மறுவடிவமைக்கும் பணியும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது.